இரட்டை டேங்க் பிக்கப்: இரண்டையும் சரிசெய்வதா, ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா?

பழைய ஃபோர்டு எஃப்-150, எஃப்-250 வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குள் வந்து நிற்கும் இடம் இது. முன் டேங்கில் வண்டி நன்றாக ஓடுகிறது. சுவிட்சைப் பின் டேங்குக்குத் தள்ளினால் இருமி நின்றுவிடுகிறது. இல்லையென்றால் இரண்டும் ஓடுகின்றன, ஆனால் முன் டேங்கில் ஓட்டும்போது பின் டேங்க் தானாக நிரம்பி மூடி வழியே பெட்ரோல் வழிகிறது. மெக்கானிக் ஒருவர் இரண்டு பம்பையும் மாற்றச் சொல்வார். இன்னொருவர் ஒரு டேங்கைக் கழற்றி வீசச் சொல்வார். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. எது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பது, கெட்டுப்போனது எது என்பதையும் இரண்டு டேங்கும் சேர்ந்து கொள்ளும் 130 லிட்டர் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதையும் பொறுத்தது.

இங்கே பேசுவது பெரும்பாலும் 1987 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு எஃப்-சீரிஸ் பெட்ரோல் வண்டிகளைப் பற்றி. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிக்கும் டீசலுக்கும் கணக்கு மாறும், அவை கடைசியில்.

## உங்கள் வண்டி எந்த வகை?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், டிரைவர் பக்கம் இரண்டு மூடி. அடியில் மூன்று வெவ்வேறு அமைப்புகள் உள்ளன.

கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினிலேயே மெக்கானிக்கல் பம்ப். எந்த டேங்கிலிருந்து உறிஞ்சுவது என்பதைச் சேசிஸில் உள்ள வால்வு முடிவு செய்யும். 1985 முதல் 1988 வரை எஞ்சின்கள் ஒவ்வொன்றாக இன்ஜெக்ஷனுக்கு (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறைக்கு) மாறின.

1987–89 இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஒவ்வொரு டேங்குக்குள்ளும் குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று. சேசிஸின் உள்பக்கம் டப்பா போல ஒரு ரிசர்வாயர், அதற்கு அடுத்து உயர் அழுத்தப் பம்ப். எந்த டேங்கின் பம்ப் தள்ளுகிறதோ, அந்த அழுத்தத்தாலேயே ரிசர்வாயருக்குள் வால்வு நகர்ந்து, சப்ளை (எஞ்சினுக்குப் போகும் லைன்), ரிட்டர்ன் (மிஞ்சியது திரும்பும் லைன்) இரண்டையும் அந்த டேங்குக்குத் திருப்பும்.

1990–97 வண்டிகளில் அந்த டப்பா கிடையாது. டேங்குக்குள் இருக்கும் மாட்யூல் என்ற ஒரே தொகுப்பிலேயே உயர் அழுத்தப் பம்ப், சப்ளை பக்கச் செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடுவது), ரிட்டர்ன் வால்வு எல்லாம் அடக்கம். இரு டேங்கின் சப்ளை லைன்களும் ஒரு டீயில் (T வடிவ இணைப்பில்) சேர்ந்து ஒன்றாகின்றன. ரிட்டர்ன் லைன்களும் அப்படியே. பம்ப் ஓடும்போது அதன் அழுத்தம் அந்த டேங்கின் ரிட்டர்ன் வால்வைத் திறக்கிறது. பம்ப் நின்றால் ஸ்பிரிங் மூடுகிறது. பின் டேங்க் தானாக நிரம்பும் நோய்க்கு இந்தச் சின்ன வால்வுதான் பெரும்பாலும் காரணம். இந்த அளவுமீறி நிரம்பும் கோளாறுக்காக 1990-களின் தொடக்கத்தில் ஃபோர்டு ரீகாலும் (சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைப்பது) விட்டது. உங்கள் வண்டியில் அந்த வேலை நடந்ததா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஃபோர்டு டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன்

வழி எதுவானாலும் இந்தச் சோதனைகளை முடித்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். மல்டிமீட்டரும், 100 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும் ஃபியூல் பிரஷர் கேஜும் போதும்.

முதல் கேள்வி: கோளாறு ஒரு டேங்கிலா, இரண்டிலுமா? இரண்டிலும் ஒரே மாதிரி மக்கர் செய்தால் டேங்கைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் பொதுவானவை சில: ஃபியூஸ், பம்ப் ரிலே, மோதலில் பம்பை நிறுத்தும் இனெர்ஷியா சுவிட்ச், சேசிஸில் உள்ள ஃபில்டர், எஞ்சின் மேலுள்ள, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். இனெர்ஷியா சுவிட்ச் பயணி பக்கக் கால்வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கும். பள்ளத்தில் ஒரு குலுக்கல் விழுந்தாலே அதன் பட்டன் மேலே எழும்பிவிடும், அழுத்திவிட்டால் சரி.

ஒரே டேங்கில் மட்டும் என்றால் அடுத்த சந்தேகம் டாஷ்போர்டு சுவிட்ச். அது இரண்டு வேலை செய்கிறது: பம்புக்குக் கரண்ட் அனுப்புவது, பெட்ரோல் அளவு காட்டும் முள் எந்த டேங்கின் மிதவையைக் காட்ட வேண்டும் என்று மாற்றுவது. பம்பின் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அதனால் உள்ளே காண்டாக்ட் கருகிப்போவது சகஜம். சுவிட்சைப் பிடுங்கி, பின்பக்கம் இரு பம்புக்கும் போகும் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். முன்பு 'பின்' நிலையில் நின்ற வண்டி இப்போது 'முன்' நிலையில் நின்றால் கோளாறு டேங்கில். இப்போதும் 'பின்' நிலையிலேயே நின்றால் சுவிட்சில்.

பிறகு பம்பின் கப்ளரில் வோல்டேஜ். சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு விநாடிதான் ஓடும். அதற்குள் அளப்பது சிரமம். 1995 வரையிலான பெரும்பாலான வண்டிகளில் பானட்டுக்குள் ஒரு டெஸ்ட் கப்ளர் இருக்கும். அதிலுள்ள பம்ப் முனையை எர்த்தில் சேர்த்து, சாவியை ஆன் நிலையில் வைத்தால் பம்ப் நிற்காமல் ஓடும். அப்போது பம்ப் கப்ளரில் கிடைக்கும் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கில் அடைப்பு. குறிப்பாக எர்த் வயரைப் பாருங்கள். பின் டேங்கின் வயரிங் சக்கரம் அடிக்கும் சேற்றிலேயே கிடக்கிறது. பச்சை பூத்த முனையைச் சுரண்டி வேறு இடத்தில் எர்த் கொடுத்ததும் "செத்த பம்ப்" உயிர் பெறுவது உண்டு.

அழுத்தம்: 5.0, 5.8 லிட்டர் வி8-க்கு சுமார் 35–45 பிஎஸ்ஐ, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டருக்கு சுமார் 50–60 பிஎஸ்ஐ. எஞ்சின் ஓடும்போது வாக்யூம் ஹோஸ் மாட்டியிருந்தால் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு டேங்கில் 38, இன்னொன்றில் 20 என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள்; உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

பலர் விட்டுவிடுவது மூடி சோதனை. இருபது நிமிடம் ஓடியபின் வண்டி இழுக்காமல் போகிறதா? நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உறிஞ்சிக்கொண்டு, அதற்குப்பின் வண்டி சரியாக ஓடினால் பம்ப் நல்ல பம்ப்தான். மூடியோ ஆவிக் குழாயோ அடைத்திருக்கிறது.

தானாக நிரம்பும் நோய்க்குத் தனிச் சோதனை உண்டு. பின் டேங்கைக் கால் அளவுக்கும் கீழே வைத்து, முன் டேங்கில் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் தள்ளும் பெட்ரோலில் பெரும்பகுதி எரியாமல் ரிட்டர்னில் திரும்புகிறது. வால்வு ஒழுகினால், அரை மணிக்குள் சுவிட்சை மாற்றிப் பார்க்கும்போது பின் டேங்கின் முள் நகர்ந்திருப்பது தெரியும். இப்போது பின் டேங்கின் ரிட்டர்ன் கிளையை மாட்யூல் அருகே பிரித்து, லைன் பக்கத்தை நல்ல பிளக் போட்டு அடையுங்கள். நிரம்புவது நின்றால் ரிட்டர்ன் வால்வு. நிற்காவிட்டால் சப்ளை பக்கச் செக் வால்வு வழியாக அழுத்தம் பின்வாங்குகிறது. அப்படியானால் முன் டேங்கில் ஓட்டும்போதும் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். கவனிக்க: கோளாறு உள்ள மாட்யூல் பெரும்பாலும் நிரம்பும் டேங்கில் இருப்பது, ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் இருப்பது அல்ல. இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல மாட்யூலைக் கழற்றுபவர்கள் ஏராளம்.

முள் மட்டும் தவறு என்றால் மிதவையின் மின்தடையை அளந்து பாருங்கள்: 1987 முதலான ஃபோர்டில் காலி டேங்குக்கு சுமார் 16 ஓம், நிறைந்ததற்கு சுமார் 158 ஓம். அதற்கு முந்தைய வண்டிகளில் தலைகீழ், காலிக்கு 73, நிறைவுக்கு 10. ஆகவே புதிய வகையில் வயர் அறுந்தால் முள் நிறைவைத் தாண்டி நிற்கும். பழையதில் காலியில் படுத்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தூரம். குட்டை பெட் (பின்பக்கச் சரக்குத் தொட்டி) எஃப்-150-இல் முன் 16.5, பின் 18.2, மொத்தம் 34.7 காலன், அதாவது சுமார் 131 லிட்டர். நீண்ட பெட் வண்டியில் முன் டேங்க் 19 காலன், மொத்தம் 37.2, சுமார் 141 லிட்டர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு டேங்கில் 300 கி.மீ. சுலபமாகப் போகலாம். பின்னால் டிரெய்லர் கட்டினால் அது 200-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு இரண்டாவது டேங்க் ஒரு சுமை. அமெரிக்காவின் மொன்டானாவிலோ மேற்கு டெக்சஸிலோ குதிரை டிரெய்லர் இழுப்பவருக்கு அது அவசியம்.

கெட்டது எது. சுவிட்ச், வயர், எர்த் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை; அதை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். மாட்யூல் அல்லது டேங்க் கெட்டிருந்தால்தான் மீதி யோசனை.

வேலை செய்ய இடம். பின் டேங்கை எடுக்க இரண்டு முறை: டேங்கை இறக்குவது, அல்லது பெட்டைத் தூக்குவது. துருப்பிடிக்காத வண்டியில் பெட் போல்ட்களைக் கழற்றி, மூடிக் குழாய்களையும் டெயில் லேம்ப் கப்ளரையும் பிரித்து, நான்கு பேர் தூக்கினால் இரண்டு மாட்யூலும் கண்முன்னே. உப்பு தூவும் பனி மாநிலத்து வண்டியில் அந்தப் போல்ட்கள் உடையும். அங்கே டேங்கை இறக்குவதே மேல். நிறைந்த டேங்கில் பெட்ரோல் மட்டும் 50 கிலோவுக்கு மேல். காலி செய்யாமல் டேங்கைத் தாங்கும் பட்டையை அவிழ்க்கவே கூடாது.

புகைச் சோதனை. கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனை உண்டு. டேங்கின் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா, அதன் குழாய்கள், மூடி எல்லாம் பார்க்கப்படும். டேங்க் மாற்றம் செய்தால் ஆவிக் குழாயை எங்கே சேர்ப்பது என்று வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

பாகத்தின் தரம். இதுதான் மற்ற எல்லாக் கணக்கையும் குழப்புவது. அடுத்த பகுதியில் விரிவாக.

## வழி 1: இருந்தபடியே சரிசெய்வது

டேங்க் துருவில்லாமல் இருந்து, நீண்ட தூரமும் ஓட்டுபவராக இருந்தால் இதுவே முதல் தேர்வு. வயரிங், முள், சுவிட்ச் எதையும் மாற்ற வேண்டாம். பத்து வருடம் கழித்து வேறொரு மெக்கானிக் பார்த்தாலும் புரியும்.

மாட்யூல் முழுவதும் வாங்குவதா, உள்ளே இருக்கும் பம்பை மட்டும் மாற்றுவதா? பம்ப் மட்டும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். பம்ப் மட்டுமே செத்திருக்கிறது, வால்வுகள் நன்றாக இருக்கின்றன என்று மேலே சொன்ன சோதனையில் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நிரம்பும் நோய் உள்ள வண்டியில் பம்பை மட்டும் மாற்றுவது வீண். பழைய வால்வு அப்படியே இருக்கும். முழு மாட்யூல் வாங்கும்போது எல்லா மாட்யூலும் ஒன்றல்ல. முன் டேங்குக்கும் பின் டேங்குக்கும் உயரம் வேறு, மிதவைக் கம்பியின் வளைவு வேறு. ஒற்றை டேங்க் வண்டிக்கான மாட்யூல் இரட்டை டேங்கில் உட்காரும், எஞ்சினும் ஓடும். ஆனால் பக்கத்து டேங்கின் பெட்ரோலைத் தடுக்க அதில் வால்வு இருக்காது. வாங்கும் முன் 'இரட்டை டேங்க்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான மாட்யூலில் வால்வு புதிதிலேயே ஒழுகுவதும் நடக்கிறது. டேங்கில் இறக்குவதற்கு முன், ரிட்டர்ன் முனையில் ஒரு சிறு ஹோஸ் மாட்டி வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள். பம்ப் ஓடாத நிலையில் காற்று தாராளமாகப் போனால் கடைக்கே திருப்பிவிடுங்கள்.

வேலையின் வரிசை: எஞ்சின் மேலுள்ள பெட்ரோல் குழாயின் (ஃபியூல் ரெயில்) ஷ்ரேடர் வால்வில், டயர் வால்வு போன்றதில், அழுத்தத்தை விடுவித்து, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றி, டேங்கைக் காலி செய்யுங்கள். மாட்யூலைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் காற்றடித்து ஊதுங்கள். இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும். மாட்யூலைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைப் பித்தளைப் பஞ்சால் (தட்டும் கம்பியால்) தட்டிச் சுழற்றுங்கள், இரும்புப் பஞ்ச் தீப்பொறி கிளப்பும். சூடாகும் ஹாலஜன் விளக்கு வேண்டாம். ஓ-ரிங் கட்டாயம் புதிது. நைலான் லைனின் முனைகளில் உள்ள கிளிப்பைப் பழையதை மறுபடி போடாதீர்கள். விலை சொற்பம்தான், அது கழன்றால் 40 பிஎஸ்ஐ பெட்ரோல் சைலன்சர் பக்கம் பீய்ச்சும்.

மறைந்த செலவு: டேங்கை இறக்கியபின்தான் பட்டையின் துரு, மூடிக் குழாயின் ரப்பர் வெடிப்பு, டேங்குக்குள் உள்ள துருத்தூள் எல்லாம் வெளியே வரும். உள்ளே துரு இருந்தால் டேங்கையும் மாற்றத்தான் வேண்டும். அதைச் சுத்தம் செய்து புதுப் பம்ப் போட்டால், பம்பின் சல்லடை சீக்கிரமே அடைத்து அதுவும் போகும்.

1987–89 வண்டிக்கு இந்த வழியில் இன்னொரு சிக்கல். சேசிஸ் ரிசர்வாயர் கெட்டிருந்தால் நல்லதாக ஒன்று கிடைப்பது கஷ்டம். பழைய வண்டி உடைப்புக் கடையில் கிடைப்பது உங்களுடையதைப் போலவே வயதானது. டேங்க் பம்ப் செத்தாலும் உயர் அழுத்தப் பம்ப் தானே உறிஞ்சிக் கொஞ்ச நாள் ஓட்டும். அப்போது அது கிறீச்சென்று இரையும். இரைச்சலைக் கேட்டு அதை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதியை அடையும். முதலில் டேங்க் பம்பைப் பாருங்கள்.

## வழி 2: ஒரு டேங்கை மூடிவிட்டு ஓட்டுவது

மலிவு, அரை நாள் வேலை. ஊருக்குள் ஓட்டுபவருக்கும், சீக்கிரம் விற்கப்போகிறவருக்கும் இது போதும். ஆனால் இதைத்தான் பலர் ஆபத்தாகச் செய்கிறார்கள்.

சுவிட்சைத் தொடாமல் இருந்துவிட்டால் டேங்க் மூடியதாக ஆகாது. பம்பின் வயரைப் பிடுங்கினாலும் ஆகாது. 1990–97 அமைப்பில் லைன்கள் டீயில் சேர்ந்தே இருக்கின்றன. கைவிட்ட டேங்கின் வால்வு ஒழுகினால் உங்கள் பெட்ரோல் சத்தமில்லாமல் அங்கே போய்ச் சேரும். நீங்கள் எட்டிப் பார்க்காத டேங்க் நிரம்பி வழிந்து, பார்க்கிங்கில் தரை நனைந்தபின்தான் தெரியும். ஆகவே சப்ளை, ரிட்டர்ன் இரண்டு கிளைகளையும் டீயிலேயே நிறுத்த வேண்டும். டீயை எடுத்துவிட்டு நேர் இணைப்பு போடுவது உத்தமம். ரப்பர் ஹோஸ் போடுவதானால் சப்ளைக்கு 3/8, ரிட்டர்னுக்கு 5/16 அங்குலம், எஸ்ஏஇ 30ஆர்9 (இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும்) தரம், இன்ஜெக்ஷன் கிளாம்ப். சாதாரண கார்புரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்தில் வீங்கி வெடிக்கும். ஆவிக் கிளையையும் அடைக்க மறக்காதீர்கள்.

எந்த டேங்கை வைத்துக்கொள்வது? ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். ஒட்டாத டேங்க் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இரும்பு என்றால் முன் டேங்க். ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால் பின்பக்க மோதலில் ஓரளவு தப்பும்; லைனும் குட்டை. கைவிடும் டேங்கைக் காலி செய்து அப்படியே வண்டியில் விடாதீர்கள். காலி டேங்கில் மிஞ்சும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட எளிதில் பற்றும். கழற்றி இறக்கிவிடுவதே முறை.

## வழி 3: வெளியே ஆறு துளை மோட்டார் வால்வு

மாட்யூலின் சின்ன வால்வை நம்பாமல், சேசிஸில் தனி வால்வு ஒன்றைப் பொருத்தி சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் அதுவே மாற்றும்படி செய்வது. இரு டேங்கிலிருந்தும் இரண்டிரண்டு லைன், எஞ்சினுக்கு இரண்டு: ஆறு துளை. போலக் என்ற கம்பெனியின் வகை வால்வுகள் இதற்குப் பிரபலம். முள்ளுக்கான வயரையும் அதே வால்வு மாற்றிக்கொடுக்கும்.

கார்புரேட்டர் வண்டிக்கு இது சந்தேகமில்லாத தீர்வு. கெட்ட பழைய வால்வுக்குப் பதிலாக அப்படியே மாட்டலாம். 1987–89 வண்டியில் ரிசர்வாயர் போய்விட்டால் இதுதான் நல்ல மாற்று. வால்வு குறைந்த அழுத்தப் பக்கத்தில், அதற்கடுத்து உயர் அழுத்தப் பம்ப். ரிசர்வாயர் தேக்கிவைத்த பெட்ரோல் இனி இராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனபின் வேகமாக வளைந்தால் ஒரு திக்கல் வரலாம்.

1990–97 வண்டியில் யோசித்து இறங்குங்கள். அங்கே லைனில் ஓடுவது உயர் அழுத்தம். வாங்கும் வால்வு அதைத் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். டேங்குக்குள் குறைந்த அழுத்தப் பம்ப் போட்டு, வெளியே உயர் அழுத்தப் பம்ப் வைக்கலாமே என்றால், அந்தக் குறைந்த அழுத்தத்துக்கு மாட்யூலின் ரிட்டர்ன் வால்வு திறக்காமல் போகும். அதை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று வயரிங். இந்த வால்வின் மோட்டார் திசை மாற, பிளஸ் மைனஸ் மாற வேண்டும். ஃபோர்டின் சுவிட்ச் அப்படிச் செய்யாது. புது சுவிட்ச் வேண்டும், பம்புக்கான கரண்டுக்கு ரிலேயும் வேண்டும். மின்வேலை தெரிந்தவருக்கு ஒரு வார இறுதி. தெரியாதவர் விலகி இருப்பது நல்லது.

## வழி 4: பின்பக்கம் ஒரே பெரிய டேங்க்

அதே காலத்து ஃபோர்டு பிராங்கோ (எஸ்யூவி) வண்டியின் சுமார் 32 காலன் டேங்கைப் பின்பக்கம் ஏற்றுவது. 120 லிட்டர் கிட்டும். சுவிட்சும் இல்லை, டீயும் இல்லை, நிரம்பும் நோயும் இல்லை. இரண்டு டேங்கும் துருவேறி, இரண்டு மாட்யூலும் வாங்கியாக வேண்டிய நிலை என்றால் இதுதான் புத்திசாலித்தனம். இரண்டுக்குச் செய்யும் செலவில் எல்லாம் புதிதாகிவிடும். மாட்யூலையும் பிராங்கோவினுடையதாகவே, 1990-க்குப் பிந்தையதாக வாங்குங்கள். முள்ளின் ஓம் கணக்கு பொருந்தும்.

மறைந்தவை: டேங்கோடு அதன் அடித்தட்டு, பட்டைகள், குறுக்குத் தாங்கி எல்லாம் சேர்ந்தே வேண்டும். பின்னால் படுத்திருக்கும் ஸ்பேர் டயரின் இடம் பெரும்பாலும் பறிபோகும். வாங்கும் முன் அளந்து பாருங்கள். மூடிக் குழாயின் கோணம் மாறுவதால் பங்க்கில் அடிக்கடி துப்பாக்கி தானாக நின்று தொல்லை தரும். நிறைந்தால் 90 கிலோ ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும். டிரெய்லர் கொக்கியில் ஏற்கெனவே பாரம் சுமப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஃபோர்டே இந்தப் பக்கம்தான் போனது. 1997 மாடலில் புது உருவில் வந்த எஃப்-150-க்கு ஒரே டேங்க்.

## வழி 5: பின்னிருந்து முன்னுக்கு மாற்றும் பம்ப்

எஞ்சின் எப்போதும் முன் டேங்கில்தான் ஓடும். பின் டேங்க் வெறும் கையிருப்பு. தேவைப்படும்போது பட்டனை அழுத்தினால் சிறு பம்ப் ஒன்று முன் டேங்குக்கு மாற்றும். உயர் அழுத்த லைன் எதையும் தொட வேண்டாம் என்பது பெரிய வசதி. டீயை மட்டும் வழி 2-இல் சொன்னபடி எடுத்துவிட வேண்டும்.

பலவீனம் மனித மறதி. அமுக்கிப் பிடித்தால் மட்டும் ஓடும் பட்டனே போடுங்கள், ஆன்–ஆஃப் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் முன் டேங்க் வழிந்து ரோட்டில் ஓடும். பம்ப் நின்றபின் மேட்டில் தானாக வடியாமல் இருக்க ஒரு செக் வால்வும் அவசியம். முள் ஒரு டேங்கை மட்டும் காட்டும் என்பதால் மாற்றுவதற்கு முன் பின் டேங்கில் எவ்வளவு என்று பார்க்கத் தனி சுவிட்ச் வேண்டும். அங்கே பழைய டாஷ்போர்டு சுவிட்சின் முள் பகுதியையே பயன்படுத்தலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | நேரம் | கிடைக்கும் பெட்ரோல் | எங்கே சொதப்பும் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| 1. இருந்தபடியே | நடுத்தரம். டேங்க் துருவென்றால் அதிகம் | ஒரு நாள் | 131–141 லி. | மலிவு மாட்யூல் | நீண்ட தூரம், பாரம் இழுப்பவர் |
| 2. ஒன்றை மூடுவது | மிகக் குறைவு | அரை நாள் | 62–72 லி. | டீயை விட்டுவைப்பது | ஊருக்குள், விற்கப்போகிறவர் |
| 3. ஆறு துளை வால்வு | நடுத்தரம் | இரண்டு நாள் | 131–141 லி. | அழுத்தம், வயரிங் | கார்புரேட்டர், 1987–89 |
| 4. பெரிய டேங்க் | அதிகம் | இரண்டு நாள் | சுமார் 120 லி. | ஸ்பேர் டயர், மூடிக் குழாய் | இரு டேங்கும் போனவர் |
| 5. மாற்றும் பம்ப் | குறைவு | ஒரு நாள் | 131–141 லி. | வழிய விடுவது | எப்போதாவது தூரம் போகிறவர் |

நேரம் எல்லாம் துருப்பிடிக்காத வண்டிக்கு. ஒஹாயோ, மிச்சிகன் போன்ற பனி மாநிலத்து வண்டி என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தில் 1990–97 வண்டிக்காரர் பெரும்பாலோர் 1-க்கும் 4-க்கும் இடையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒரு டேங்க் இன்னும் நன்றாக இருந்தால் 1, இரண்டும் மோசம் என்றால் 4. மூன்றாவது வழியை இணையத்தில் புகழ்வதைப் பார்த்து இந்த வண்டியில் இறங்குவது பெரும்பாலும் தேவையில்லாத தலைவலி.

## ஜிஎம் வண்டி என்றால்

1973–87 செவ்ரலே, ஜிஎம்சி சி/கே பிக்கப்பில் டேங்குகள் சேசிஸ் கட்டைக்கு வெளியே, இரு பக்கமும் தொங்குகின்றன. பக்கவாட்டு மோதலில் தீப்பிடிக்கும் அபாயம் பற்றி நீண்ட சர்ச்சை நடந்து, 1994 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் ஜிஎம்மும் உடன்பாட்டுக்கு வந்தன. ரீகால் இல்லை, பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஜிஎம் 5 கோடி டாலருக்கு மேல் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆகவே இங்கே தூரத்துக்கு முன்னால் வரும் அளவுகோல் டேங்க் இருக்கும் இடம். வால்வு மட்டும் கெட்டிருந்தால் ஆறு துளை வால்வு மாற்றுவது எளிது. ஆனால் எப்படியும் டேங்கைத் தொடப்போகிறீர்கள் என்றால், செவ்ரலே பிளேசர் எஸ்யூவியின் சுமார் 31 காலன் டேங்கைப் பின்பக்கம் சேசிஸ் கட்டைகளுக்கு நடுவே ஏற்றிவிட்டு இரண்டு பக்க டேங்கையும் எடுத்துவிடுவதே சரி. முள்ளின் கணக்கு 0 ஓம் காலி, 90 ஓம் நிறைவு. 1987 முதலான ஃபோர்டின் மிதவை அலகை இங்கே போட்டால் முள் ஒருபோதும் காலியைக் காட்டாது.

## டீசல் என்றால்

6.9, 7.3 லிட்டர் ஃபோர்டு டீசலில் ஒரு டேங்க் மட்டும் கால்வாசி இருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறதா? பம்பையும் வால்வையும் விடுங்கள். டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள பிளாஸ்டிக் பாதம் நொறுங்கி விழுந்திருக்கும். குழாய் குட்டையாகிவிட்டதால் அடியில் இருக்கும் டீசலை எட்டவில்லை. மாட்யூலை வெளியே எடுத்து, நல்ல டீசல் ஹோஸ் ஒரு துண்டைக் கிளாம்ப் போட்டு நீட்டி, நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்க் அடியிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கும்படி விடுங்கள். சல்லடை போய்விட்டதால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முன்ஃபில்டர் போடுங்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை டேங்கிலிருந்து பொறுக்கி எடுக்காமல் மூடினால் அவை மறுபடி குழாய் வாயில் வந்து ஒட்டும். இதற்காக ஒரு டேங்கைக் கழற்றி வீசுபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செலவு முழுக்க வீண்.

வேலை எதுவானாலும் முடிந்தபின் கேபினை விட்டு இறங்குவதற்குள் "ஆச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச்சடித்துப் பாருங்கள். பிறகு இரு டேங்கும் அரை அளவில் இருக்க, ஒரு டேங்கில் 50 கி.மீ., மற்றதில் 50 கி.மீ. ஓட்டி, ஒவ்வொரு முறையும் சுவிட்சை மாற்றிப் பார்த்து, ஓடாத டேங்கின் முள் இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனை தேறும்வரை எந்த டேங்கையும் முக்காலுக்கு மேல் நிரப்ப வேண்டாம்.